வாசற்படியில் நின்றவள்

கொருக்குப்பேட்டை சரக்கு யார்டில் வேகன் கதவுகளின் முத்திரையைச் சரிபார்ப்பது என் வேலை. ஐம்பதுகளின் தொடக்கம் அது. தண்டவாளத்தை ஒட்டிய சந்தில், நாட்டு ஓடு வேய்ந்த ஓரறை வீட்டில் நானும் என் மனைவியும் குடியிருந்தோம். அவள் அதிகம் பேசமாட்டாள். குழாயடியில் யாராவது வரிசையை மீறிக் குடத்தை நகர்த்தினால் ஒதுங்கி நின்றுவிட்டு வருவாள். கல்யாணமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்ததால் அவளை முழுக்கத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கோடையில் எங்கள் பக்கம் திருட்டு அதிகம். ஆண்கள் வேலைக்கும் பெண்கள் தண்ணீருக்கும் போகிற நேரம் பார்த்து ஓட்டைப் பிரித்து இறங்கினார்கள். ஒரு வீட்டில் கல்யாணப் புடவை போயிற்று. இன்னொரு வீட்டில் வடித்த சோற்றைப் பானையோடு தூக்கிப் போய்விட்டார்கள். அடுத்த சந்தில் ஒருவன் அகப்பட்டான். விளக்குக் கம்பத்தில் கட்டிவைத்து அடித்ததில் ஆஸ்பத்திரியில் செத்துப்போனான். போலீஸ் வந்து கேட்டபோது யார் அடித்தது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

“வூட்டுக்குள்ள பூந்தவன் உசுருக்கு யாரும் ஜவாப்தாரி இல்ல” என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். சட்டமே அப்படித்தான் போலிருக்கிறது என்று நானும் நம்பினேன்.

ஒரு நாள் பிற்பகல் ஷிப்ட் முடிந்து திரும்பும்போது எங்கள் வீட்டு வாசலில் கூட்டம். என்னைப் பார்த்ததும் வழிவிட்டார்கள்.

“உன் வூட்லதாம்பா. மாட்டிக்கினான்” என்றார் ஒருவர். இன்னொருவர் என் கையில் ஒரு இரும்புக் கம்பியைத் திணித்தார். “வூட்டுக்காரன் நீ. மொத அடி நீதான் போடணும்.”

உள்ளே நடந்ததை அப்புறம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். என் மனைவி தண்ணீர்க் குடத்தோடு வந்து பூட்டைத் திறந்திருக்கிறாள். கூரையில் ஓட்டை, அதன் வழியே வெயில். கீழே ஒருவன் எங்கள் பித்தளைப் பாத்திரங்களைப் போர்வையில் சுருட்டிக்கொண்டிருந்தான். குதித்ததில் கால் பிசகி, வந்த வழியே ஏற முடியாமல் தவித்திருக்கிறான். அவளைப் பார்த்ததும் வாசலை நோக்கி ஓரடி வைத்தான். அவள் குடத்தை இறக்கிவிட்டு, அடுப்பங்கரையில் கிடந்த அரிவாள்மணையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, “ஒக்காரு” என்று மட்டும் சொன்னாளாம். அவன் உட்கார்ந்துவிட்டான். பிறகு அவள் குரல் கொடுத்து, பக்கத்து வீட்டுப் பெண்ணைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடச் சொல்லியிருக்கிறாள். அந்தக் குரல் கேட்டுத்தான் சந்தே திரண்டு வந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது அவள் வாசற்படியில் நின்றிருந்தாள். அரிவாள்மணை கையில்தான் இருந்தது. ஆனால் அதன் முனை தெருவைப் பார்த்திருந்தது.

அவளுக்கு எதிரே, எதிர்வீட்டுக்காரர். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர், ஆள் வாட்டசாட்டம். கல்யாணப் புடவை போனது அவர் வீட்டில்தான். அவருடைய ஒரு கால் ஏற்கெனவே எங்கள் படிமேல் இருந்தது.

“நவுரு அண்ணி. வூட்டுக்குள்ள பூந்தவன இன்னா வேணா செய்லாம். அதுக்கு சட்டமே கீது.”

“சட்டம் எனக்குத் தெரியாது” என்றாள். “வூடு என்னுது. அவன் என்னைக் கேக்காம பூந்தான். நீயும் கேக்காம பூறியா?”

பின்னாலிருந்து யாரோ, “திருடனுக்கு வக்காலத்து வாங்கறா பாரு” என்றார்கள். அவள் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. எதிர்வீட்டுக்காரரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். குரலை உயர்த்தவும் இல்லை. குழாயடியில் ஒதுங்கி நிற்கிற அதே பெண்தான். அவர் மெல்லத் தன் காலைப் படியிலிருந்து எடுத்துக்கொண்டார்.

அதன் பிறகுதான் என்னைப் பார்த்தாள். “இந்தாய்யா, அந்தக் கம்பியக் கீழ போட்டுட்டு உள்ள வா.”

போட்டுவிட்டுப் போனேன். என்னை உள்ளே விடுவதற்குச் சற்று ஒருக்களித்தவள் மறுபடியும் படியை அடைத்துக்கொண்டாள். மூலையில் அவன் குந்தியிருந்தான். என்னைவிட வயதில் மூத்தவன். கணுக்கால் வீங்கியிருந்தது, கும்பிட்ட கையை இறக்கவில்லை. அங்கிருந்து எனக்குத் தெரிந்தது அவள் முதுகு மட்டும்தான். ரவிக்கை வியர்வையில் ஒட்டியிருந்தது. அவ்வளவு பெரிய கூட்டத்துக்கும் எங்களுக்கும் நடுவில் வேறு ஒன்றுமே இல்லை. கோயிலில்கூட எனக்கு அப்படி மயிர்க்கூச்செறிந்ததில்லை.

ஏட்டு வந்தார். கூட்டத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எதிர்வீட்டுக்காரரிடம் சொன்னார்: “அவன் பாஞ்சு வந்தப்போ இந்தம்மா தடுத்து அடிச்சிருந்தா சட்டம் இந்தம்மா பக்கம் நிக்கும். அடங்கிக் குந்திக்கினு கீறவன நீ அடிச்சா கேசு உம்மேலதான். போன மாசம் செத்தானே, அத்த இன்னும் மூடல நாங்க.”

கூட்டம் கலைந்தது. ஏட்டு அவளைப் பார்த்து, “இன்னாம்மா, பாவம்னு வுட்டுடலாமா?” என்றார்.

“எதுக்கு வுடணும்? என் பாத்திரத்த எடுத்தான். எழுதிக்கோங்க” என்றாள். எழுதி முடிக்கும்வரை அரிவாள்மணையைக் கீழே வைக்கவில்லை. வைத்தபோது விரல்கள் விறைத்துப் போயிருந்தன. நான்தான் ஒவ்வொன்றாக நீவிவிட்டேன்.

ஏன் தடுத்தாய் என்று கேட்டேன்.

“இங்க ஒர்த்தன் செத்தா, அந்த எடத்துல நான் எப்பிடி சோறு பொங்கறது?” என்றாள்.

கோர்ட்டில் அவளையே சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். அவன் எடுத்த பாத்திரங்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள். தன்மேல் அவன் கை வைக்கவில்லை என்பதையும், யாரும் கேட்காமலே சொன்னாள். சாட்சியிடம் ஏதாவது கேட்க வேண்டுமா என்று மாஜிஸ்திரேட் அவனைக் கேட்டார்.

“ஒண்ணும் இல்லீங்க. அந்தம்மா சொன்னது அத்தினியும் நெஜம்” என்றான்.

சில மாதத் தண்டனையோடு முடிந்தது. எதிர்வீட்டுக்காரர் வெகுநாள் எங்களோடு பேசவில்லை. மழைக்கு முன்னால் ஒரு நாள் அவராகவே ஏணியோடு வந்து வாசலில் நின்றார்.

“அண்ணி, ஓடு இன்னும் சரியா குந்தல. உள்ள வர்லாமா?” என்றார்.

அவள் கதவை நன்றாகத் திறந்துவிட்டாள்.