நைனா மேல் போட்ட பழி

புதன்கிழமை மதியம் இரண்டு மணிக்கு நான் மோட்டாரை நிறுத்திவிடுவேன். பெருங்களத்தூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் தண்ணீர் ஏற்றுவது என் வேலை. லாரித் தண்ணீரை சம்ப்பில், அதாவது தரைக்கு அடியில் உள்ள தொட்டியில், இறக்குவதும், குழாய் ஒழுகினால் பார்ப்பதும் கூடத்தான். இரண்டு மணிக்கு மேல்தொட்டி நிறைந்திருக்கும். வீடுகளில் சாப்பிட்டுப் படுத்திருப்பார்கள். மோட்டார் அறைக் கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு, போனை வால்வு சக்கரத்தின் மேல் சாய்த்து வைத்துவிட்டு, அங்கே கிடக்கும் ஒரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவேன். ஐம்பது நிமிடம். குடியிருப்பு செகரட்டரியிடம் கம்பெனி டிரெய்னிங் என்று சொல்லியிருந்தேன். வீட்டிலும் அதேதான். ஐந்தாவது வரை படித்தவனுக்கு என்ன டிரெய்னிங் என்று இரண்டு இடத்திலும் யாரும் கேட்கவில்லை.

போனில் வருபவர் ஒரு கவுன்சிலர் அம்மா. என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பேச்சு. பிள்ளைகள் இல்லங்களில் வளர்ந்து, அங்கே கெட்டது நடந்து, இப்போது நடு வயதாகிவிட்டவர்களோடு பேசுவதற்கென்று சிலர் சேர்ந்து இதை நடத்துகிறார்கள். நேரில் போக வேண்டாம், யாரும் பார்க்க மாட்டார்கள். எனக்கு அந்த நம்பரைக் கொடுத்தவன், நான் வளர்ந்த இல்லத்தில் என்னோடு இருந்தவன். இப்போது தாம்பரம் ஸ்டேஷனில் ஆட்டோ ஓட்டுகிறான். அவன் ஏற்கெனவே நாலைந்து மாதமாகப் பேசிக்கொண்டிருந்தான். நான் மாட்டேன் என்று சொன்னபோது, “இன்னா மச்சான், கண்ணாலத்துக்குப் பொண்ணு பாக்கவா இட்டுகினு போறேன்? இவ்ளோ வெக்கப்படறே. போன்ல மூஞ்சியக் காட்டு, வாயத் தொற, அவ்ளோதான்” என்றான்.

வாயைத் திறந்தேன். முதல் வாக்கியத்திலேயே தப்பு நடந்துவிட்டது.

எங்கிருந்து வேண்டுமானாலும் ஆரம்பிக்கலாம் என்று அவர் சொன்னார். நான் போனைப் பார்க்காமல் மீட்டர் பலகையைப் பார்த்துக்கொண்டு, “அப்பா கூப்பிடுவாரு மேடம். ஞாயித்துக்கெழம, மத்தியானம், சாப்ட்டப்புறம்” என்றேன். அவர் பொறுமையாகக் கேட்கக் கேட்க, மீதியைத் துண்டு துண்டாகச் சொன்னேன். அந்த அறையில் நடந்ததை இங்கே எழுதப் போவதில்லை. சொன்னதில் எல்லா இடத்திலும் அப்பா, அப்பா என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

இதைப் படிப்பவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். அப்பா என்பது இல்லத்தை நடத்தியவர். சிங்கப்பெருமாள் கோவிலைத் தாண்டி, ரயில் பாதையை ஒட்டி இருந்தது அந்த இல்லம். இன்று அந்த இடத்தில் ஏதோ கம்பெனியின் கிடங்கு இருக்கிறது. சேர்ந்த அன்றே சொல்லிவிடுவார்கள், இனிமேல் இவர்தான் உனக்கு அப்பா என்று. சார் என்றோ ஐயா என்றோ கூப்பிட்டால் பிரம்படி. என்னைப் பெற்றவரை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான். ஆகவே எனக்குக் குழப்பமே இருந்ததில்லை. அப்பா என்றால் அந்த ஆள், நைனா என்றால் நைனா. என் மகளையும் நைனா என்றுதான் கூப்பிட வைத்தேன். பள்ளிக்கூடத்தில் கேலி செய்கிறார்கள் என்று அவள் அழுதபோதும் மாற்ற விடவில்லை. ஏன் என்று அவளுக்குத் தெரியாது.

ஆனால் கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து பேசும் ஒருவருக்கு இது எப்படித் தெரியும்? இல்லத்துக்கு முன்னால் என் சொந்த வீட்டில் நடந்ததை நான் சொல்வதாக அவர் எடுத்துக்கொண்டார். முதல் நாள் முடிகிற நேரத்தில் மெதுவாகக் கேட்டார், “இது உங்க அம்மாவுக்குத் தெரியுங்களா?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் அம்மா நான் தவழும் வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். இல்லத்தில் விட்டதே அதனால்தான். “இல்ல மேடம், நான் சொல்றது வேற ஆளு” என்று ஒரு வரி சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நான் சொன்னது: “தெரியாதுங்க.”

அடுத்த புதன்கிழமை அந்தத் தெரியாதுங்க வளர்ந்தது. உங்கள் அம்மா அந்த நேரத்தில் எங்கே இருப்பார் என்று அவர் கேட்டார். பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார் என்றேன். முகமே ஞாபகமில்லாத ஒருத்தியை எழுப்பிக் கொண்டுவந்து, கையில் பாத்திரத்தைக் கொடுத்து, ஒன்றும் தெரியாதவளாக உட்கார வைத்தேன். மூன்றாவது வாரமும் அப்படியே போனது. என் கூச்சத்தினால்தான் திருத்தவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை.

மீதிப் பாதி இது. பெற்ற அப்பன் என்று அவர் நினைத்துக்கொண்ட பிறகு, எனக்குப் பேச வசதியாக இருந்தது. சொந்த வீட்டில் இருக்கிற பையனை, நீ ஏன் போனாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். அங்கே வேறு பையன்களும் இருக்க மாட்டார்கள். இல்லம் என்று சொன்னால் மற்ற பையன்களைப் பற்றியும் சொல்ல வேண்டி வரும். ஏனென்றால் ஒரு வருஷத்துக்கு மேல், ஞாயிற்றுக்கிழமை மதியம் பையன்கள் படுத்திருக்கும் கூடத்துக்குப் போய், தோளைத் தட்டி, “அப்பா கூப்பிடறாரு” என்று சொன்னது நான்தான். அந்த ஆள் பேர் சொல்வார், நான் போய்க் கூப்பிடுவேன். அப்படிப் போய்க் கூப்பிட்ட வாரம் என்னை விட்டுவிடுவார். உள்ளங்கையில் ஒரு கரண்டி பால் பவுடரும் போடுவார். நான் அதை நக்கித் தின்பேன்.

இதை மறைப்பதற்காகத்தான் நைனாவை அந்த இடத்தில் நிற்க வைத்தேன். முதலில் அது வாய்தவறி வந்தது. பிறகு தெரிந்தே விட்டுவைத்தேன்.

நைனா திரிசூலம் மலையில் கல் உடைத்தவர். மாதத்துக்கு ஒரு ஞாயிறு, காலையில், மின்சார ரயில் பிடித்து இறங்கி நடந்து வருவார். சட்டை துவைத்ததாக இருக்கும், காது மடிப்பில் கல் தூசி இருக்கும். ஒரு பாக்கெட் பிஸ்கட் கொண்டுவருவார். எனக்கு மட்டும் கொடுக்கத் தெரியாது. பக்கத்தில் நிற்கிற எல்லாப் பையன்களுக்கும் ஒன்று ஒன்றாகக் கொடுத்துத் தீர்த்துவிடுவார். அந்த ஆளைப் பார்த்தால் இடுப்பு வளைந்து கும்பிடுவார். தன் பிள்ளைக்குச் சோறு போடுகிறவர் என்ற நன்றி. ஐந்தாவது முடித்ததும் நான் ஓடிவந்துவிட்டேன். இனிமேல் போக மாட்டேன் என்று அழுதேன். காரணம் சொல்லவில்லை. ஒரு நாள் முழுக்கத் திட்டினார். பிறகு தன் தட்டிலிருந்து பாதியை எடுத்து என் தட்டில் வைத்தார். கடைசிக் காலத்தில் கோவிலம்பாக்கத்தில் எங்கள் வீட்டில்தான் இருந்தார். என் மனைவிதான் குளிப்பாட்டி விட்டாள். எதுவும் தெரியாமலேயே இறந்துபோனார். அவரைத்தான் நான் அப்படிச் செய்தேன்.

நான்காவது புதன்கிழமை அந்த அம்மா ஒரு பயிற்சி செய்யலாம் என்றார். ஒரு காலி நாற்காலியை எதிரில் போட வேண்டும். அதில் அப்பா உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு, அவரிடம் இத்தனை நாள் சொல்ல முடியாததைச் சொல்ல வேண்டும். கத்தலாம், திட்டலாம், எது வேண்டுமானாலும். இருந்தது ஒரே நாற்காலி என்பதால் அதை எதிரில் தள்ளிவிட்டு, ஒரு பெயிண்ட் வாளியைக் கவிழ்த்து நான் உட்கார்ந்தேன்.

அந்த ஆளை நினைக்கத்தான் பார்த்தேன். அவனுடைய வெள்ளை வேட்டி, கைக்கடிகாரம் எல்லாம் ஞாபகத்தில் இருந்தன. ஆனால் மூன்று வாரமாக என் வாயிலிருந்து அப்பா என்று வந்ததையெல்லாம் போனுக்கு அந்தப் பக்கம் ஒருவர் நைனா மேல் ஏற்றி ஏற்றி வைத்திருக்கிறார் என்பது நெஞ்சில் இருந்ததால், நாற்காலியில் வந்து உட்கார்ந்தது நைனாதான். எதற்குக் கூப்பிட்டாய் என்பதுபோல, பெரிய இடத்துக்கு வந்தவர் மாதிரி, நுனியில் உட்கார்ந்திருந்தார்.

“சொல்லுங்க. இப்ப அவருக்கு உங்க மேல எந்த அதிகாரமும் இல்லீங்க” என்றார் அந்த அம்மா.

என்னால் முடியவில்லை. வாளியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். போனில் என் வயிறு மட்டும்தான் தெரிந்திருக்கும்.

“மேடம், அவரு எதுவும் பண்ணல.”

“பரவால்லீங்க. அவர் மேல உங்களுக்குப் பாசமும் இருந்திருக்கலாம். ரெண்டும் சேந்து வர்றது சகஜந்தானுங்க.”

“அப்டி இல்ல மேடம். நைனா வேற, அப்பா வேற.”

குனிந்து போனைப் பார்த்தேன். அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு இருந்தார்.

“அப்ப... அப்பாங்கறது யாருங்க?”

நின்றபடியே சொன்னேன். இல்லத்தில் அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்பதை. நைனா கல் உடைத்தவர் என்பதை. பாத்திரம் கழுவிய அம்மா பொய் என்பதை. அதைச் சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. நான்தான் கேட்டிருக்க வேண்டும், நானாக ஊகித்துக்கொண்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார் அவர். அது எனக்கு இன்னும் கேவலமாக இருந்தது. நீங்கள் ஏன் மன்னிப்புக் கேட்கிறீர்கள், உங்களுக்குத் தப்பாகப் புரிந்தது முதல் நாளே எனக்குத் தெரியும் என்று சொன்னேன். பிறகு கேட்டேன், என்னைப் பற்றி ஏதாவது எழுதி வைத்திருக்கிறீர்களா என்று. குறிப்பு வைத்திருப்பதாகச் சொன்னார். அதில் தகப்பனார் என்று இருக்கிற இடத்தையெல்லாம் என் கண் முன்னால் அடிக்கச் சொன்னேன். அவர் நோட்டைக் கேமராவுக்கு முன்னால் பிடித்து, ஒவ்வொன்றாக அடித்துக் காட்டினார். ஆறு இடம். அவர் நிதானமாகக் கோடு போட்டார். நான் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகுதான் அவர், ஏன் திருத்தவில்லை என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. நான் பையன்களைப் போய்க் கூப்பிட்டதையும் பால் பவுடரையும் சொன்னேன். அப்போது என்ன வயது என்று கேட்டார். ஒன்பது என்றேன். நிறைய நல்ல வார்த்தைகள் சொன்னார். ஒன்பது வயதுப் பையனால் மாட்டேன் என்று சொல்ல முடியாது, இப்படிப்பட்டவர்கள் பிள்ளைகளை வைத்தே பிள்ளைகளைப் பிடிப்பார்கள், குற்றம் அந்த ஆளுடையது என்றெல்லாம். எல்லாம் சரியாகத்தான் இருக்கும். என் காதில் விழுந்தது, உள்ளே இறங்கவில்லை. ஒன்பது வயதில் செய்ததை அவர் ஒன்பது வயதுக் கணக்கில் விட்டுவிடலாம். போன மாதம் நைனாவுக்குச் செய்ததை எந்த வயதில் விடுவது?

அன்று சாயங்காலம் தாம்பரத்துக்குப் போனேன். எனக்கு நம்பர் கொடுத்தவன் ஆட்டோவோடு சவாரிக்காக வரிசையில் நின்றிருந்தான். பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு, முதலில் பழைய விஷயத்தை எடுத்தேன். நான் போய்த் தோளைத் தட்டிய பையன்களில் அவனும் ஒருவன். முப்பத்தைந்து வருஷமாக நாங்கள் இதைப் பேசியதே இல்லை. அவன் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான்.

“நீதான் வந்து கூப்ட்டேன்னு எனக்குத் தெரியாதா? மறந்தா பூட்டேன்? தெரிஞ்சிதானடா நம்பர் குத்தேன்.”

அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச அவன் விரும்பவில்லை. வரிசை நகர்ந்தது, வண்டியை ஒரு இடம் முன்னால் எடுத்தான். அத்தோடு நான் இறங்கியிருக்கலாம். ஆனால் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று, நைனாவைப் பற்றிய தப்பையும் சொன்னேன். அவன் திரும்பி முழு முகத்தையும் காட்டி என்னைப் பார்த்தான்.

“நைனாவயா? பிஸ்கட் குட்ப்பாரே, அவரயா? மூணு வாரமாவா?”

தலையாட்டினேன்.

“எறங்கு” என்றான். “சவாரி வர்து.”

சவாரி எதுவும் வரவில்லை. இறங்கி, ஸ்டேஷன் படிக்கட்டுப் பக்கம் போய் நின்றேன். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. அவனைப் பார்க்க மாதாமாதம் யாரும் வந்ததில்லை, நைனா கையிலிருந்து வாங்கியதுதான் அவனுக்கு வந்த பிஸ்கட் என்பது எனக்கு அங்கே நிற்கும்போதுதான் ஞாபகம் வந்தது.

அதன் பிறகு இரண்டு புதன்கிழமை போய்விட்டது. அவன் போன் எடுப்பதில்லை. அந்த அம்மாவிடம் சொன்னபோது, உங்கள் நண்பருடைய கோபம் தீரக் காலம் ஆகலாம் என்றார். ஆகட்டும். தோளைத் தட்டியதற்கு என்னை மன்னித்துவிட்டவன், இதற்கு விடவில்லை. நைனாவுக்காகக் கோபப்பட ஒரு ஆள் இருக்கிறான். அந்தக் கோபம் முழுவதும் என் மேல் இருப்பதுதான் நியாயம் என்று அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டு, லாரிக்கு சம்ப் மூடியைத் திறக்கப் போனேன்.