தம்பி டிரைவரிடம் கேட்டது

அறுபதுகளில் புளியங்குடி எலுமிச்சையைத் தென்காசியிலிருந்து கொல்லத்துக்கு லாரியில் அனுப்பிவைப்பது என் வேலை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். என் தம்பியோ சென்னையில் படித்து, விமான டிஸ்பாட்சர் சான்றிதழ் வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்திருந்தான்.

"பிளேனை அனுப்புததுக்குப் பரீட்சையா லே? நான் டயருக்கு அடியில ஒரு பழத்தை வச்சு நசுக்கச் சொன்னா லாரி கொல்லம் போயிருது" என்றேன். டிரைவர் சுடலையும் சிரித்தான்.

தம்பி குற்றாலத்து மலையை மூடியிருந்த மேகத்தைப் பார்த்தான். "நான் கையெழுத்துப் போடலைன்னா பிளேன் கெளம்பாதுண்ணே. மழை, பாரம், ஓட்டுதவரு தூக்கம், எல்லாம் பாக்கணும்" என்றவன், "சுடலையண்ணே, நீங்க எப்பத் தூங்குனீய?" என்று கேட்டான்.

"முந்தாநாள் கொஞ்சம் படுத்தேன் தம்பி" என்று சொல்லி, டீயோடு பெஞ்சில் உட்கார்ந்தான் சுடலை.

நான் பழத்தை எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் அவன் தலை தொங்கிவிட்டது. கிளாஸ் சரிந்து, சூடான டீ தொடையில் கொட்டியது. தொடை துடித்தது; கண் திறக்கவில்லை.

செங்கோட்டை மலைப்பாதையின் வளைவுகளில் இவனை இப்படியே எத்தனை முறை அனுப்பியிருக்கிறேன்! தம்பி கேட்டதை ஒருநாள்கூட நான் கேட்டதில்லை.

முதலாளியிடம் நிமிர்ந்து பேசி அறியாதவன் நான். அன்று போய், "இன்னைக்கு லாரி போகாது மொதலாளி" என்றேன்.

"பழம் அழுகிரும்லா?"

"அழுகட்டும்."

சுடலை உயிரோடு திரும்பி வந்த ஒவ்வொரு முறையும், அதை என் வேலைத்திறமை என்றே நினைத்திருந்தேன்.