குரல் போன வருஷம் ஆண்டவர் எனக்குத் தந்த வகுப்பு

1979 ஜூலை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, இரண்டாம் வருஷ பி.எஸ்ஸி. வகுப்பில் மின்சாரப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது என் குரல் நின்றுபோயிற்று. கரகரப்பு ஏற்கெனவே இரண்டு மாதமாக இருந்தது. வெயில், ஐஸ் தண்ணீர் என்று ஏதாவது காரணம் சொல்லிச் சமாளித்து வந்தேன். அன்றைக்கு வாயைத் திறந்தேன். காற்று மட்டும் வந்தது. அறுபது பிள்ளைகளும் நிமிர்ந்து என்னையே பார்த்தார்கள். மறுபடி முயன்றேன். ஒன்றுமில்லை. புத்தகத்தை மூடிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அன்பான சகோதரர்களே, சகோதரிகளே, அப்போது எனக்கு முப்பத்தோரு வயது. புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் ஏழு வருஷமாக இயற்பியல் கற்பித்து வந்தேன். என் குரலைப் பற்றி எனக்குப் பெருமை அதிகம். கடைசி பெஞ்சு வரை கணீரென்று கேட்கும். சரளமான இங்கிலீஷ். ஒரு மணி நேரம் குறிப்பைப் பார்க்காமல் பேசுவேன். நான் நல்ல டீச்சர் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

பெரியாஸ்பத்திரியில் தொண்டைக்குள் கண்ணாடி விட்டுப் பார்த்தார்கள். குரல் நாணில் சின்ன முடிச்சு விழுந்திருந்தது. டாக்டர் பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே படித்த பெரியவர். மூன்று மாதம் ஒரு வார்த்தை பேசக்கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்றார். முடிச்சு கரையாவிட்டால் மெட்ராஸ் போய் அறுவை செய்ய வேண்டும், அதற்குப் பிறகு பழைய குரல் வரும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். மருந்துச் சீட்டின் கீழே 'சிலான்ஸ்' என்று பிரெஞ்சில் ஒரே ஒரு வார்த்தை எழுதி இரண்டு கோடு போட்டார். அமைதி. அதுதான் மருந்து.

எனக்கு லீவு மிச்சமில்லை. மகள் தெரேஸ் பிறந்தபோது எடுத்தது, அம்மா படுத்த படுக்கையாக இருந்தபோது எடுத்தது, எல்லாம் தீர்ந்திருந்தது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. பேச முடியாத விரிவுரையாளரை எந்தக் கல்லூரி வைத்துக்கொள்ளும்? என் வீட்டுக்காரர் அந்துவான் என்னோடு வந்து பிரின்சிபாலிடம் எனக்காகப் பேசினார். நான் பக்கத்தில் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தேன். பிரின்சிபால் வரலாற்றுப் பேராசிரியர், நல்ல மனிதர். காலண்டரைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"தீபாவளி வரைக்கும் பாக்கலாம்மா. போர்டுல எழுதிப் போட்டு நடத்துங்க. பசங்க குறை சொல்லிட்டாங்கன்னா அப்புறம் என் கையில ஒண்ணுமில்ல."

வீட்டில் தெரேஸின் பலகையில் எழுதித்தான் பேசினேன். ஐந்து வயதுக் குழந்தை. நான் பேசாததைப் பார்த்து அவளும் என்னிடம் ரகசியம் பேசுவதுபோல மெல்லப் பேச ஆரம்பித்தாள். அவளைப் பார்த்து அந்துவானும். உப்பளம் பகுதியில் இருந்த எங்கள் வீட்டில் மூன்று பேரும் சைகையில் சோறு கேட்டுச் சாப்பிட்டோம். அவர்கள் சிரித்தார்கள். எனக்கு அழுகைதான் வந்தது.

கல்லூரியில் நிலைமை மோசமானது. ஒரு மணி நேரமும் போர்டு நிறைய எழுதுவேன். பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள். அழிப்பேன், மறுபடி எழுதுவேன். பின்னால் சலசலப்பு கேட்கும். அதட்டக் குரல் இல்லை. முதல் பெஞ்சில் கான்வென்ட்டில் படித்துவிட்டு வந்த மூன்று பேர் இருந்தார்கள். மேடம் பாடமே நடத்துவதில்லை என்று அவர்கள் பிரின்சிபாலிடம் மனு கொடுக்கப்போகிறார்கள் என்று காதில் விழுந்தது. அவர்கள் மேல் தப்பில்லை.

தினமும் காலைப் பூசைக்குப் போவேன். எல்லாரும் பதில் சொல்லும்போது நான் மட்டும் வாயை மூடிக்கொண்டு நிற்பேன். செபமாலையைக்கூட வாய்விட்டுச் சொல்ல முடியாது. மனசுக்குள் ஆண்டவரோடு சண்டைதான் போட்டேன். 'என் குரலைத் திருப்பிக் கொடு. நான் உன்னிடம் வேறு என்ன கேட்டேன்?' இப்படியே ஒரு மாதம் போனது. முடிச்சும் கரையவில்லை, என் கோபமும் கரையவில்லை.

ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை, கல்லூரி விட்டதும் கோவிலுக்குப் போனேன். நற்கருணை ஆராதனை நடந்துகொண்டிருந்தது. அன்று காலை ஒரு மாணவன் போர்டைப் பார்த்து எழுதியபடியே தூங்கி விழுந்ததைப் பார்த்திருந்தேன். அந்த முகம் மனசை விட்டுப் போகவில்லை. என்னை அறியாமல் என் செபம் மாறியது. 'ஆண்டவரே, என் குரலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். என்னால் இந்தப் பிள்ளைகளின் ஒரு வருஷம் பாழாகக் கூடாது. அவர்களுக்கு ஒரு வழி செய்.' அவ்வளவுதான் கேட்டேன். அன்றைக்குத்தான் நான் முதல் தடவையாக அவர்களுக்காகச் செபித்தேன் என்பது வீட்டுக்கு வந்த பிறகு உறைத்தது. ஏழு வருஷத்தில் முதல் தடவை.

திங்கட்கிழமை போர்டில் ஒரு கேள்வி எழுதினேன். கம்பியின் நீளத்தை இரண்டு மடங்காக்கினால் அதன் ரெசிஸ்டன்ஸ், அதாவது மின்தடை, என்ன ஆகும், ஏன்? அதற்குக் கீழே விடையை எழுதப்போகும்போது இருமல் பிடித்துக்கொண்டது. தண்ணீர் குடிக்க வெளியே ஓடினேன். ஐந்து நிமிஷம் கழித்துத் திரும்பியபோது வகுப்பில் ஒரே பேச்சு. மானம் போயிற்று என்று நினைத்துக்கொண்டு வாசலில் நின்றேன்.

நின்று கேட்டால், அவர்கள் பேசிக்கொண்டிருந்தது ரெசிஸ்டன்ஸைப் பற்றி. தமிழில்.

மூன்றாவது பெஞ்சில் கலாவதி என்று ஒரு பெண். ரெட்டியார்பாளையத்திலிருந்து வருபவள். அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. ஒரு வருஷமாக அவள் வகுப்பில் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. அவள் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு நான்கு பேருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்:

"மில்லு கேட்டு இருக்குல்ல, ஷிஃப்ட் விட்டதும் எல்லாரும் அதுல நெருக்கித் தள்ளிக்கிட்டு வருவாங்க. கேட்டு சின்னதா இருந்தா நெருக்கடி ஜாஸ்தி. அந்த நெருக்கடிதான் ரெசிஸ்டன்ஸ். கம்பி நீளமாச்சின்னா அந்தச் சின்ன வழியே நீளமாப் போவுதுன்னு வெச்சிக்கோ."

ஏழு வருஷம் கணீரென்று நான் சொன்னதில் இவ்வளவு தெளிவு இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெள்ளிக்கிழமை நான் கேட்டதற்குப் பதில் இது என்று உடனே தெரிந்தது.

அன்றிலிருந்து வகுப்பை மாற்றினேன். பெரிதாக ஒன்றுமில்லை. போர்டில் ஒரு கேள்வி, கீழே இரண்டு விடைகள். முதல் இரண்டு நிமிஷம் யாரும் பேசக்கூடாது, தனியாக யோசிக்க வேண்டும். பிறகு ஒன்றாம் விடை என்றால் ஒரு விரல், இரண்டாம் விடை என்றால் இரண்டு விரல் காட்ட வேண்டும். அதற்குப் பிறகு வேறு விடை சொன்ன பக்கத்து ஆளோடு வாதாடலாம், எந்த மொழியிலும். கடைசி ஐந்து நிமிஷம் ஆளுக்கு அரைத் தாள். இன்று எது புரியவில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும், பெயர் வேண்டாம்.

முதல் நாள் வந்த தாள்களை வீட்டில் உட்கார்ந்து படித்தேன். ஒன்றில் இப்படி இருந்தது: 'மேடம், வோல்டேஜ்னா என்னன்னு எனக்குப் போன வருஷத்துலேருந்தே தெரியாது. கேட்டா சிரிப்பாங்கன்னு கேக்கல.' இன்னொன்றில், 'நீங்க இங்கிலீஷ்ல வேகமா பேசுவீங்க. அழகா இருக்கும். ஒண்ணும் புரியாது.' அந்தத் தாளை அந்துவானிடம் நீட்டினேன். அவர் படித்துவிட்டு என் தோளைத் தட்டிக்கொடுத்தார். அன்று நான் அழுதது குரலுக்காக இல்லை.

மறுநாள் அதிகம் பேர் கேட்டிருந்த இரண்டு சந்தேகங்களை எடுத்துத் தமிழிலேயே போர்டில் எழுதினேன். தூங்கி விழுந்த பையன் விழித்திருந்தான்.

ஒரு மாதத்துக்குள் அந்தப் பிள்ளைகள் என் சைகை எல்லாவற்றையும் கற்றுக்கொண்டார்கள். நான் புருவத்தை உயர்த்தினால் 'ஏன்?' என்று அர்த்தம். என் மேஜையில் தினமும் ஏதாவது பொட்டலம் இருக்கும். அதிமதுரம், சித்தரத்தை, பனங்கற்கண்டு. யார் வைத்தது என்று தெரியாது. ஒரு நாள் கலாவதி தயங்கித் தயங்கி வந்து, "எங்கம்மா ஒங்களுக்காக மாரியம்மனுக்கு வேண்டிக்கிட்டிருக்காங்க மேடம். நீங்க கோவிச்சுக்க மாட்டீங்கதான?" என்றாள். அவள் கன்னத்தைத் தொட்டேன். வேறு எப்படிப் பதில் சொல்வது? என்னைப் பார்த்தே இராத ஒரு தாய் எனக்காகக் கைகூப்பியதை ஆண்டவர் தள்ளியிருப்பார் என்று நான் நம்பவில்லை.

ஆனால் மனு போய்விட்டது. அக்டோபர் தொடக்கத்தில் பிரின்சிபால் முன்னறிவிப்பு இல்லாமல் வகுப்புக்குள் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். மேஜை மேல் பலகையில் இரண்டு பல்புகளை மாட்டி வைத்திருந்தேன். ஒன்று நாற்பது வாட், ஒன்று நூறு வாட். இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கம்பியில் இணைத்திருந்தேன். சுவிட்சைப் போட்டால் எது பிரகாசமாக எரியும் என்று போர்டில் எழுதினேன். நாற்பது என்றால் ஒரு விரல், நூறு என்றால் இரண்டு.

இரண்டு நிமிஷம் மௌனம். என் வாழ்க்கையிலேயே நீளமான இரண்டு நிமிஷம். 'மாதாவே, கூட நில்' என்று மட்டும் சொல்லிக்கொண்டேன்.

விரல்கள் உயர்ந்தன. பெரும்பாலும் இரண்டு விரல்கள். கடைசி பெஞ்சைப் பார்த்தேன். பிரின்சிபாலும் இரண்டு விரல் காட்டிக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் பேசிக்கொள்ளச் சொல்லிச் சைகை காட்டினேன். வகுப்பு கொதித்தது. சில பேர் விடையை மாற்றினார்கள். பிரின்சிபாலோடு வாதாட முன்பெஞ்சிலிருந்து ஒரு கான்வென்ட் பெண்ணே எழுந்து போனாள். மனுவில் கையெழுத்துப் போட்டவள்தான். அவர் தலையை ஆட்டி ஒத்துக்கொள்ள மறுத்தார்.

சுவிட்சைப் போட்டேன். நாற்பது வாட் பல்பு பளிச்சென்று எரிந்தது. நூறு வாட் பல்பில் இழை மட்டும் லேசாகச் சிவந்தது.

பிரின்சிபால் எழுந்து நின்றுவிட்டார். "அதெப்படி?" என்று என்னைக் கேட்டார். நான் கலாவதியைக் காட்டினேன்.

அவள் எழுந்தாள். முதலில் குரல் வரவில்லை. பிறகு வந்தது. "நாற்பது வாட்டுக்குத்தான் சார் ரெசிஸ்டன்ஸ் ஜாஸ்தி. அது சின்ன கேட்டு. ஒரே ரோடுல ரெண்டு கேட்டு இருந்தா, ரெண்டுலயும் அதே ஜனம்தான் போவும். சின்ன கேட்டுலதான் நெருக்கடி. நெருக்கடி இருக்கிற எடத்துலதான சார் சூடு."

பிரின்சிபால் கிட்டே வந்து இரண்டு பல்புகளையும் குனிந்து பார்த்தார். அறையை விட்டுப் போகும்போது என் மேஜைக்கு அருகில் நின்று, "நான் படிக்கும்போது இப்படி ஒருத்தர் இருந்திருந்தா நான் சயின்ஸ் எடுத்திருப்பேன். நடத்துங்கம்மா" என்றார். மனுவைப் பற்றிப் பிறகு யாரும் பேசவில்லை.

மூன்று மாதம் போதவில்லை என்று டாக்டர் இன்னும் இரண்டு மாதம் பேசாமல் இருக்கச் சொல்லியிருந்தார். டிசம்பரில் மறுபடி கண்ணாடி விட்டுப் பார்த்தார். முடிச்சு கரைந்திருந்தது. அறுவை வேண்டாம் என்றார். கிறிஸ்துமஸ் பூசையில் 'ஆமென்' என்று சொன்னேன். ஐந்து மாதத்துக்குப் பிறகு வந்த முதல் வார்த்தை. தெரேஸ் திரும்பிப் பார்த்துக் கைதட்டிவிட்டாள், கோவிலுக்குள்ளேயே.

ஏப்ரலில் பல்கலைக்கழகப் பரீட்சை. வழக்கமாகப் பாதிப் பேர் தவறும் தாள் அது. அந்த வருஷம் தவறியவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். கலாவதி முதல் வகுப்பு. அடுத்த வருஷம் என் வேலை நிரந்தரமானது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஜனவரியில் குரலோடு வகுப்புக்குப் போன முதல் நாள், எனக்கு இருந்த சந்தோஷத்தில் பேசத் தொடங்கிவிட்டேன். கால் மணி நேரம் நிறுத்தாமல் பேசினேன், பழையபடி இங்கிலீஷில். பிறகு கவனித்தேன். எல்லாத் தலைகளும் குனிந்திருந்தன. பேனாக்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. நிறுத்தினேன். திரும்பிப் போர்டில் ஒரு கேள்வி எழுதிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். இன்றுவரை அப்படித்தான். பிள்ளைகளின் பெயர்கள் இப்போது எனக்குத் தெரியும். காலைப் பூசையில் வருகைப் பதிவேட்டின் வரிசையில் அவர்களை ஒவ்வொருவராக நினைத்துக்கொள்கிறேன். செபத்திலும் முன்னைப்போல நானே பேசிக்கொண்டிருப்பதில்லை. கேட்டுவிட்டுச் சும்மா இருக்கிறேன்.

இது நடந்து எட்டு வருஷம் ஆகிறது. இங்கே இருப்பவர்களில் யாருக்காவது உடம்பில், வேலையில், வீட்டில் ஒரு கதவு அடைபட்டிருக்கலாம். நம் செபம் மேலே போகிறதா என்றே சந்தேகமாக இருக்கலாம். எனக்கும் இருந்தது. ஆண்டவர் கேட்டார், நான் நினைத்ததைவிட நன்றாகவே கேட்டார். அவருக்கு நன்றி சொல்லி எனக்குத் தீரவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு நான் கோவிலில் இடது பக்கத்துத் தூண் அருகே உட்கார்ந்திருப்பேன். வாருங்கள். எதுவும் விளக்கிச் சொல்ல வேண்டாம். பக்கத்தில் உட்காருங்கள், சேர்ந்தே கேட்போம்.