ரேகை பார்க்கும் தேவிகா

"கைய நீட்டுங்க."

தேவிகா முதலில் பெயரைக் கேட்பதில்லை. வந்தவரின் கட்டைவிரலை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். "இறாலா?"

"ஆமாம்மா, நேத்துகூட உரிச்சேன்."

"அப்ப இன்னிக்கு மெஷினு ஒங்கள யாருன்னு கேக்கும். ஒக்காருங்க, வெந்நில கை வைப்போம்."

பட்டினச்சேரிக்குப் பக்கத்துச் சுகாதார நிலையத்தில் மருத்துவக் காப்பீட்டு அட்டை பதிந்து தருவது அவர் வேலை. மேசையில் கணினி, கைரேகைக் கருவி, ஒரு வெந்நீர்க் கிண்ணம், தேங்காய் எண்ணெய்ச் சீசா. ஜோசியக் கடை என்று கேலி செய்வார்கள். "ஆமா, ஆயுசு மட்டும் கேக்காதீங்க" என்பார். நெல் விளைவிக்கும் குடும்பத்துப் பெண். பொறுமை குறைவு, அவர் பேசத் தொடங்கினால் எதிரே இருப்பவர் வாய் திறக்க முடியாது.

இறாலின் ஓடும் ஐஸ் தண்ணீரும் விரல்ரேகையைத் தேய்த்துவிடுகின்றன. மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் கரையில் கிடக்கும்போது பெண்களின் விரல்களில் ரேகை மறுபடி வளர்கிறது. அப்போது தேவிகா அட்டை பதிய வீடு வீடாகப் போவார். "நல்லாருக்கயில வந்து நோவக் கூப்புடுறீங்களே" என்று கதவைச் சாத்தியவர்களில் விசாலாட்சியும் ஒருவர்.

ஆவணியில் ஒரு வியாழக்கிழமை அதே விசாலாட்சி மூச்சு வாங்க வந்து நின்றார். இதய வால்வில் பழுது. திங்கட்கிழமை அறுவை சிகிச்சை; அதற்குள் அட்டை வேண்டும். கால் புண்ணுக்குக் கட்டு மாற்ற அந்த வாரம் தினமும் போன நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ரேகை விழவில்லை. ஆதார் படத்தில் இருந்த பருத்த முகத்தோடு இந்த இளைத்த முகம் பொருந்தவில்லை. ரகசிய எண் வரும் போன் கணவரிடம், கணவர் நடுக்கடலில்.

"ரெண்டு நாளு இறாலத் தொடாதீங்கக்கா. ரேகை வந்துரும்."

"நல்லாச் சொன்னீங்க. ஞாயித்துக்கெழம எம் மவ திருப்பூர்லேந்து வந்து இறால் உரிக்கிற ஷெட்டுல எம்மெடத்துல ஒக்காரப்போறா. அதுக்குள்ள வேற எவளாச்சும் ஒக்காந்துட்டா, வீட்டுல ஒல கொதிக்க வேணாமா?"

தேவிகா எண்ணெய்ச் சீசாவை மூடி வைத்தார். "ஷெட்டு எங்கக்கா இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

சனிக்கிழமை விசாலாட்சி விரலை அழுத்தியதும் கருவியில் பச்சை விளக்கு எரிந்தது. அட்டை கைக்கு வந்ததும் அவர் அதைக் கண்களில் ஒற்றிக்கொண்டார். எழுந்து தேவிகாவின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார்.

"நீங்க நல்லாருக்கணும். ஆனா ஷெட்டுப் பக்கம் மட்டும் இனிமே வந்துராதீங்க. இறால் தலையக் கிள்ளச் சொன்னா பாதி சதையச் சேத்துல்ல கிள்ளிப் போட்டுருக்கீங்க! ரெண்டு நாளும் சாயங்காலம் ஒங்களப் பாக்கவே கூட்டமாம்."

"ஒங்க எடம் இருக்கா, இல்லியா? அதச் சொல்லுங்க."

"இருக்குங்க" என்றார் விசாலாட்சி. சிரிக்கத்தான் வாயைத் திறந்தார், கண் கலங்கிவிட்டது.

வேலை நேரம் முடிந்து தேவிகா சுவரிலிருந்த வருகைப் பதிவுக் கருவியில் கட்டைவிரலை வைத்தார். சிவப்பு விளக்கு. புடவையில் துடைத்து மறுபடி வைத்தார். மறுபடியும் சிவப்பு. செவிலியர் ராஜம் சிரித்தார்: "மெஷினு ஒங்கள யாருன்னு கேக்குது மேடம்."

தேவிகா ஜன்னலருகே போய்த் தன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, விரலை வெந்நீர்க் கிண்ணத்துக்குள் விட்டார்.