கருகிய குடுவைச் செடி

வாழவந்தி நாடு என்ற மலைக் கிராமத்தில் வாடகை வீட்டில் தனியாக இருந்தேன். ஜன்னலோரம் பூச்சி தின்னும் குடுவைச் செடி ஒன்றை ஆசையாக வளர்த்தேன். அதற்கு மழைத்தண்ணீர் தவிர வேறு தண்ணீர் ஆகாது. அம்மாவின் அறுவை சிகிச்சைக்காகப் பத்து நாள் சேலம் போனபோது, பக்கத்து வீட்டுப் பழனியம்மா அக்காவிடம் சாவியைக் கொடுத்து இதைச் சொல்லிவிட்டுத்தான் போனேன்.

திரும்பி வந்து கதவைத் திறந்தால், குடுவைகள் எல்லாம் கருகித் தொங்கின. அதற்குள் அக்காவும் ஓடி வந்துவிட்டார்.

“குழாய்த் தண்ணிய ஊத்திக் கொன்னுட்டீங்களேக்கா!” என்று கத்தினேன்.

“இல்லீங்க கண்ணு, தூறல்ல நின்னு புடிச்ச மழைத்தண்ணிதானுங்க ஊத்துனேன்.” நான் நம்பாமல் கதவைச் சாத்தினேன்.

செடியைத் தூக்கி எறியலாம் என்று தொட்டியைக் கிளறினேன். கரையாத உரக் குருணைகள் கிடந்தன. அவற்றைச் சுற்றி வேர்கள் வெந்து கறுத்திருந்தன. சீக்கிரம் வளரட்டும் என்று, ஊருக்குக் கிளம்பிய அன்று நானே போட்ட உரம்.

உடனே போய் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு உண்மையைச் சொன்னேன். அழுதுவிட்டேன்.

“அது கெடக்குது உடு சாமி. அம்மாவுக்கு இப்ப எப்படி இருக்குது?” என்றார்.

நான் வந்ததும் அவர் ஓடி வந்தது அதைக் கேட்கத்தான். கேட்க விடாமல் கத்தியதை நினைத்தால் இன்றும் எனக்குக் கூசுகிறது.