என்னை டாக்டராக்கிய ஐந்து பேர்

எங்கள் அத்தாவுக்கு ஊரில் யார்மீதும் நம்பிக்கை கிடையாது. புதுப்பட்டினம் கடைத்தெருவில் எஸ்.டி.டி. பூத்தாக இருந்த கடையை அவர் பிரவுசிங் சென்டராக மாற்றியபோது, ஐந்து கம்ப்யூட்டர்களைச் சுவரோரமாக வரிசையாக வைத்து, ஐந்து திரையும் கவுன்ட்டரில் இருப்பவர் கண்ணில் படும்படி செய்தார். மற்ற சென்டர்களில் இருந்த பிளைவுட் தடுப்பு எங்கள் கடையில் இல்லை. யாரும் கண்ட கண்ட படத்தைப் பார்த்துவிடக் கூடாதாம். ஆறாவது கம்ப்யூட்டர் கவுன்ட்டரில் இருந்தது. அதன் முன்னால் நான். பி.காம். முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருப்பானேன் என்று அத்தா என்னை அங்கே உட்கார வைத்திருந்தார்.

தினமும் மாலையில் ஐந்து பேர் வருவார்கள். நான்கு பேர் கல்பாக்கம் டவுன்ஷிப் பையன்கள். அப்பாக்கள் எல்லாருக்கும் அணுமின் நிலையத்தில் வேலை. ஐந்தாமவன் எங்கள் தெரு, மீன் ஏலம் எடுக்கும் வீட்டுப் பையன். ஐவரும் காலேஜ் படித்தார்கள், அதாவது படிப்பதாக வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நெட்டில் ஒரு சுடுகிற ஆட்டம். இரண்டு அணி, அணிக்கு ஆறு பேர். நடுவில் ஒரு மேடை, அதைப் பிடித்து நிற்கிற அணிக்கு வெற்றி. ஆடுகிறவர் ஆளுக்கொரு வேலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ராக்கெட் விடலாம், பெரிய மெஷின் கன் தூக்கலாம், தூரத்தில் படுத்துக் குறி வைக்கலாம், எதிரி வேஷம் போட்டுக்கொண்டு முதுகில் குத்தலாம். இல்லையென்றால் டாக்டராகி, அடிபட்டவனுக்குக் குழாயால் மருந்து பீய்ச்சலாம்.

அவர்களுக்கு ஆறாவது ஆள் இல்லை. என்னிடம் ஆறாவது கம்ப்யூட்டர் இருந்தது.

"அக்கா, நீங்க டாக்டரா வாங்கக்கா. சும்மா பின்னாடியே வந்து கிளிக்க அமுக்கிட்டு இருந்தா போதும். கஸ்டமர் வந்தா எழுந்து போயிடுங்க, ஒண்ணும் ஆகாது" என்றான் அணித் தலைவன். அவனைக் கேப்டன் என்போம். அவனுடைய வேலை ராக்கெட்.

ஒண்ணும் ஆகாதாம். எனக்கு அப்போதே சுருக்கென்றது. இருந்தாலும் உட்கார்ந்தேன். அவன் திரையை நான் பல நாள் கவனித்திருந்தேன். தன் காலடியிலேயே ராக்கெட்டைச் சுட்டு, அந்த வேகத்தில் மதிலுக்கு மேலே எகிறிப் போய், கீழே நிற்கிறவர்கள் தலையில் அடுத்ததைப் போடுவான். அதை ஒரே ஒரு முறை நான் செய்ய வேண்டும். என் ஆசையெல்லாம் அவ்வளவுதான்.

ராக்கெட் வேண்டும் என்று கேட்டேன். "மொதல்ல டாக்டர் கத்துக்கங்கக்கா" என்றான். சரி என்று கற்றுக்கொண்டேன். யாரும் சொல்லித்தரவில்லை, செத்துச் செத்துத்தான் கற்றேன். ஆளுக்கு நேர் பின்னால் நின்றால், அவனைத் தாண்டி வருகிற குண்டு நமக்கு. ஆகவே சுவரை ஒட்டி, அரை அடி விலகி நிற்க வேண்டும். அதிகம் அடிபட்டவனுக்கு முதலில் மருந்து கொடுப்பது முட்டாள்தனம், அவன் எப்படியும் சாகப் போகிறான். அடுத்து சண்டைக்குள் போகப் போகிறவனுக்குக் கொடுக்க வேண்டும். மருந்து கொடுக்கக் கொடுக்க ஒரு மீட்டர் ஏறும். அது நிறைந்ததும் சில நொடிகளுக்கு, நானும் என் குழாய் முனையில் இருப்பவனும் என்ன சுட்டாலும் சாக மாட்டோம். அந்தச் சில நொடிகளை எப்போது செலவழிப்பது என்பதில்தான் ஆட்டமே இருக்கிறது.

இதெல்லாம் எனக்குத் தெரிந்தது. அவர்களுக்குத் தெரியவில்லை. நான் மீட்டரை நிரப்பிக்கொண்டு நிற்பேன், கேப்டன் மதிலைத் தாண்டி எகிறிப் போய்ச் செத்துவிட்டு, "டாக்டர் எங்கக்கா?" என்பான். மதிலைத் தாண்ட எனக்கு இறக்கையா இருக்கிறது? மீன் ஏலப் பையன் மெஷின் கன்காரன். அவன் நிறைய அடி வாங்குவான், மெதுவாக நடப்பான், என் மருந்தில் பாதி அவனுக்கே போகும். எதிரி நெருங்கினால் மேஜையைத் தட்டுவான். "அக்கா, ரத்தம் கம்மியா கீது, சீக்கிரம் வாக்கா" என்பான். போய்ச் சேர்ந்து காப்பாற்றினால் ஒரு வார்த்தை கிடையாது. நான் வழியில் செத்தால் மட்டும், "இன்னாக்கா நீ, பேஜாரு பண்ற" என்று திரும்பாமலே சொல்வான்.

இதற்கிடையில் ஒருவர் ரேஷன் கார்டோடு வந்து நிற்பார். இரண்டு பக்கமும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துத் திரும்பினால், திரையில் என் டாக்டர் குப்புறக் கிடப்பாள். ஐந்து பேரும் ஒரே குரலில் உச்சுக் கொட்டுவார்கள். எனக்கு வருகிற ஆத்திரத்தில் ஜெராக்ஸ் மிஷினைத் தூக்கி அவர்கள் தலையில் போடலாம் என்றிருக்கும்.

ஆனால் என் வேலையில் நான் கெட்டிக்காரியாகிவிட்டேன். அதற்குக் காரணம் அத்தாவின் சந்தேகப் புத்தி. ஐந்து திரையும் என் எதிரில் இருந்தன. யாருக்கு ரத்தம் எவ்வளவு, யார் எந்த மூலையில் நிற்கிறார், எல்லாம் தலையை நிமிர்த்தினால் தெரியும். என் திரையை நான் அதிகம் பார்த்ததே இல்லை. அவர்களும் திரை வழியாக என்னைக் கூப்பிட்டதில்லை. மருந்து வேண்டுமென்றால் அழுத்துவதற்கு என்று ஒரு கீ உண்டு. அழுத்தினால் டாக்டரின் திரையில் அந்த ஆளின் தலைக்கு மேல் சிவப்புக் குறி தெரியும். எங்கள் கடையில் யாரும் அதைத் தொட்டதில்லை. கையெட்டும் தூரத்தில் நான் இருக்கும்போது கத்தினால் போதுமே. நாங்கள் ஆறு பேரும் ஏதோ பெரிய வித்தை கற்றுவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

செங்கல்பட்டில் ஒரு சென்டரில் ஆடுகிற அணியோடு ஒரு மேட்ச் பேசினார்கள். சனிக்கிழமை மூன்று மணி. நான் கேப்டனிடம் கறாராகச் சொன்னேன்: "இந்த மேட்சுக்கு எனுக்கு ராக்கெட் குடு தம்பி. இல்லன்னா நான் வரல."

"அக்கா, இந்த ஒரு மேட்ச் மட்டும் டாக்டர். ஜெயிச்சுட்டோம்னா அப்புறம் ராக்கெட் உங்களுக்குத்தான். சத்தியமா."

அதை நம்பி ஒத்துக்கொண்டேன்.

அந்த வாரம் பவர் கட் நேரத்தை மாற்றிவிட்டார்கள். அப்போதெல்லாம் தினமும் இரண்டு மணி நேரம் கரண்ட் போகும். அணுமின் நிலையத்துக்கு நடந்து போகிற தூரத்தில் இருந்துகொண்டு நாங்கள் விசிறியால் வீசிக்கொண்டிருப்போம். சனிக்கிழமை எங்கள் பக்கம் இரண்டிலிருந்து நான்கு வரை. கடையில் இருந்த இன்வெர்ட்டர் கவுன்ட்டர் கம்ப்யூட்டரையும் மோடத்தையும் மட்டும் தாங்கும். திருக்கழுக்குன்றத்தில் கட் காலையிலேயே முடிந்துவிடும் என்று யாரோ சொல்ல, ஐவரும் பஸ் ஏறி அங்கே ஒரு சென்டருக்குப் போனார்கள். கடையை விட்டு நான் எங்கே போக? நெட் ஆட்டம்தானே, எங்கிருந்து ஆடினால் என்ன என்றார்கள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

ஆட்டம் தொடங்கியது. நான் வழக்கம்போல நிமிர்ந்து பார்த்தேன். எதிரில் ஐந்து திரையும் கரேலென்று இருந்தன. நாற்காலிகள் காலி. யாரும் மேஜையைத் தட்டவில்லை. கடையில் இன்வெர்ட்டரின் உறுமல் மட்டும் கேட்டது.

யார் எங்கே என்று தெரியவில்லை. என் திரையில் ஐந்து முதுகுகள் ஆளுக்கொரு திசையில் ஓடின. ஒருவன் தலைக்கு மேலும் சிவப்புக் குறி வரவில்லை. மெஷின் கன்காரன் பின்னால் போனேன், அதற்குள் கேப்டன் செத்தான். கேப்டனைத் தேடிப் போனேன், மெஷின் கன்காரன் செத்தான். ஆட்டத்துக்குள்ளேயே டைப் செய்தேன், கீயை அழுத்தச் சொல்லி. திரையின் அந்த மூலையை யார் பார்ப்பது? கேப்டன் செல்லுக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அவர்கள் அங்கே 'அக்கா, அக்கா' என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்திருக்கிறார்கள், சென்டர்காரர் வந்து திட்டுகிற அளவுக்கு. இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பதினைந்து கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவளை வாயால் கூப்பிட்டிருக்கிறார்கள், மடையர்கள். நான் மட்டும் என்ன, இருட்டுத் திரைகளைப் பத்து தடவையாவது நிமிர்ந்து பார்த்திருப்பேன்.

பாதி ஆட்டம் இப்படியே போனது. மேடை செங்கல்பட்டு அணியின் கையில். நான் ஏழாவது முறையாகச் செத்துக் கிடந்தபோது, அடுத்த பிறவிக்கு என்ன வேலை வேண்டும் என்று திரை கேட்டது. ஒவ்வொரு சாவுக்கும் அது கேட்கத்தான் செய்யும், நான் பார்க்காமலே டாக்டரை அழுத்திவிடுவேன். அன்றைக்குப் பார்த்தேன். ராக்கெட்டை அழுத்தினேன்.

முதல் எகிறலில் மதிலிலேயே மோதி விழுந்தேன். இரண்டாவதில் தாண்டிவிட்டேன். கீழே மேடையில் மூன்று பேர் நின்றார்கள். ஒருவர் அவர்களுடைய டாக்டர், சுவரை ஒட்டி, அரை அடி விலகி, நான் நிற்பது போலவே நின்றார். டாக்டரை முதலில் போட வேண்டும் என்று எனக்கா தெரியாது? போட்டேன். மற்ற இருவரும் என்ன நடந்தது என்று திரும்புவதற்குள் அவர்களையும் போட்டேன். மேடையில் ஏறி நின்றேன். கொஞ்ச நேரத்தில் நம் மெஷின் கன்காரன் அசைந்து அசைந்து வந்து எனக்குப் பின்னால் நின்று சுடத் தொடங்கினான். முகமெல்லாம் வியர்த்தது, வாய்விட்டுச் சிரித்தேன். அப்படியொரு சந்தோஷம் அந்தக் கடையில் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை.

மேடையை வெகுநேரம் பிடித்திருந்தோம். கடைசி நிமிடத்தில் அவர்கள் ஆறு பேரும் ஒன்றாக வந்து எங்களை அடித்துத் தள்ளினார்கள். மருந்து கொடுக்க எங்களிடம் ஆள் இல்லை. தோற்றோம்.

ஐவரும் ஆறு மணிக்குக் கடைக்கு வந்தார்கள். நான் திட்டு வாங்கத் தயாராக இருந்தேன். நீங்கள் ஏன் வேலையை மாற்றினீர்கள் என்று கேட்பார்கள், நானும் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டும் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

கேப்டன் என் முன்னால் வந்து, ரொம்பப் பெருந்தன்மையாக, "பரவால்லக்கா, இன்னிக்கு உங்க நெட் ஸ்லோ போல. மருந்தே வரல. ஃபீல் பண்ணாதீங்க" என்றான்.

"ஆனா நடுவுல மேடைய புட்ச்சோம் பாரு" என்றான் மெஷின் கன்காரன். "கேப்டன் மதில தாண்டி வந்து மூணு பேர ஒரே மூச்சுல போட்டான்கா. நான் அவன் பின்னாடியேதான் நின்னுகினு இருந்தேன். சும்மா சொல்லக் கூடாது, செம ஆட்டம்."

நான் கேப்டனைப் பார்த்தேன். அவன் மறுக்கவில்லை. தலையைக் கோதிக்கொண்டான். தான் இல்லை என்று அவனுக்குத் தெரியாமலா இருக்கும்? யாராக இருந்தால் என்ன, கிடைத்த பேரை விடுவானேன் என்று நினைத்திருப்பான்.

"ஜெயிச்சிருந்தா அடுத்த மேட்ச் உங்களுக்கு ராக்கெட் குடுத்திருப்பேன்க்கா" என்றான் பேச்சை மாற்றுவது போல. "இப்ப தோத்துட்டோம்ல. இன்னும் ரெண்டு மேட்ச் போகட்டும்."

"நீ இன்னா குடுக்கறது தம்பி? நானே எடுத்துக்கினேன். பாதி ஆட்டத்துலேந்து நான் டாக்டரே இல்ல."

"எப்ப?" என்றான்.

கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டான். ஐந்து முகங்களையும் பார்த்தேன், ஐந்திலும் அதே கேள்விதான். இத்தனை மாதம் அவர்கள் முதுகையே பார்த்துக்கொண்டு நடந்தவள் நான். முகம் தெரியாவிட்டாலும் ஓடுகிற விதத்தை வைத்து யார் எவன் என்று சொல்லிவிடுவேன்.

"மேடைக்கு இந்தப் பக்கம் படிக்கட்டாண்ட நீ மூணாவது தபா செத்த பாரு, அப்ப" என்றேன்.

கேப்டன் முகம் சிவந்து சுவரைப் பார்த்தான். மெஷின் கன்காரன் மட்டும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தான். அவனுக்குக் கணக்கு உதைத்தது.

"அப்ப எனுக்கு ரத்தம் கொறஞ்சிகினே வந்துதே, பின்னாடி யாருக்கா இருந்தா?"

"பின்னாடி யாரும் இல்ல தம்பி" என்றேன். "நான் உனுக்கு முன்னாடி நின்னுகினு இருந்தேன்."