உறங்குவதற்கு ஒரு டிக்கெட்

காலை எட்டேகாலுக்கு வல்லம் வடகாலில் ஷேர் ஆட்டோ ஏறினோம், நானும் மாரிசெல்வமும். சிங்கப்பெருமாள்கோவில் வரை ஆளுக்கு நாற்பது ரூபாய். அங்கிருந்து புதிதாக விட்டிருக்கிற ஏசி மின்சார ரயிலில் சென்னைக் கடற்கரை நிலையம் வரை போய்த் திரும்புவது திட்டம். எது புதிதாக ஓடினாலும் ஒரு தடவை ஏறிப் பார்க்காமல் இருக்க முடியாது எனக்கு. எட்டாம் வகுப்போடு கிளம்பியவன். ஓர் ஊரில் மூன்று மாதம் தங்கினால் நாலாவது மாதம் பஸ் போகிற சத்தமெல்லாம் என்னைக் கூப்பிடுவதுபோல் இருக்கும்.

மாரிசெல்வத்துக்கு வேறு காரணம். சங்கரன்கோவில் பக்கத்து ஆள், இருபத்தாறு வயது. ஒரகடத்தில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் பிரஸ் மெஷினில் இரவு ஷிஃப்ட். இரண்டு வருடக் காண்ட்ராக்டுக்குப் பிறகு நிரந்தரம் செய்யக் கூப்பிட்டிருந்தார்கள். எல்லாம் சரியாக வந்து, மெடிக்கல் பரிசோதனையில் ரத்த அழுத்தம் நூற்று அறுபதைத் தாண்டிவிட்டது. நன்றாகத் தூங்கிவிட்டு ஒரு வாரம் கழித்து வா என்று நர்ஸ் அனுப்பிவிட்டார். அந்த நாள் இன்றுதான், மதியம் இரண்டு மணி. இன்றும் ஏறியிருந்தால் பட்டியலில் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

தூங்க இடம் வேண்டுமே. எங்கள் அறையில் எட்டுப் பேருக்கு நான்கு பாய், ஷிஃப்ட் மாற்றி மாற்றிப் படுப்போம். மேலே சிமெண்ட் ஷீட். பத்து மணிக்கெல்லாம் தலைக்கு மேல் அடுப்பு வைத்ததுபோல் ஆகிவிடும். ஜன்னலோரப் பாய் மட்டும் கொஞ்சம் தேவலை, அறை எடுத்தபோது முதலில் வந்தவன் என்பதால் அது என்னுடையது. புது ரயிலைப் பற்றி நான் பேசிக்கொண்டிருந்தபோது மாரிசெல்வம் கேட்டது ஒன்றுதான்:

"உள்ள குளுந்து கெடக்குமாண்ணே? தூங்கலாமா?"

ஆட்டோக்காரர் சேரப்பணஞ்சேரி ஆள். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியில் அவனைப் பார்த்தார்.

"வூட்ல தூங்காம ரயில்ல தூங்கப் போறியா? இன்னா நைனா, அது லாட்ஜா?"

"லாட்ஜுல நூறு ரூபாய்க்கு ஏசி ரூம் குடுப்பானா?" என்றேன். மாரிசெல்வம் சிரிக்கவில்லை. அவன் கண்கள் மிளகாய்ப் பழம்போல் இருந்தன.

ஒன்பது இருபதுக்கு ரயில் வந்தது. எவர்சில்வர் பாத்திரம்போல மினுங்குகிற பெட்டிகள். ஜன்னல்கள் திறக்காது. கதவுகள் தாமே திறந்து, மணியடித்துவிட்டுத் தாமே மூடிக்கொண்டன. பழைய ரயிலில் ஏறுகிற பழக்கத்தில் ஒருவர் கடைசி நேரத்தில் ஓடிவந்தார். கையை நீட்டியவருக்குப் பிடிக்கக் கம்பி இல்லை. மூடிய கதவை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு நின்றுவிட்டார். எனக்கும் அந்த மூடிய கதவு பிடிக்கவில்லை. ரயில் என்றால் வாசலில் நின்று காற்று வாங்கியே பழக்கம். இங்கே வெளியிலிருந்து சத்தம் கேட்கவில்லை, கூடுவாஞ்சேரி ஊமைப் படம்போலக் கடந்து போனது. இரண்டு தடவை எழுந்து நடந்துவிட்டு வந்தேன்.

மாரிசெல்வம் மூலை இருக்கையில் கண்ணை மூடினான். ஒவ்வொரு நிலையத்திலும் மூன்று மொழியில் அறிவிப்பு, கதவு மணி. ஒவ்வொன்றுக்கும் விழித்தான். தாம்பரத்தில் கூட்டம் ஏறி முழங்காலை இடித்தது. கிண்டி தாண்டும்போது தூங்குகிற முயற்சியை விட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"கண்ண மூடுனா மெஷின் அடிக்கிண்ணே. அடிச்சிக்கிட்டே இருக்கு."

பத்தே முக்காலுக்குக் கடற்கரை. டீ வேண்டாம் என்றான், அதில் அழுத்தம் ஏறுமாம். தண்ணீர் மட்டும் குடித்தான். திரும்புகிற ஏசி வண்டிக்கு நான்தான் வரிசையில் நின்று டிக்கெட் எடுத்தேன். எனக்குச் செங்கல்பட்டு வரை போய்ப் பார்க்க ஆசை, அதனால் இரண்டும் செங்கல்பட்டுக்கே, ஒன்று நூற்றைந்து ரூபாய். அவனைச் சிங்கப்பெருமாள்கோவிலில் இறக்கிவிடுவதாகப் பேச்சு. ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மறக்காம எழுப்பிருவியளாண்ணே?"

எழுப்புகிறேன் என்று சொன்னேன்.

பதினொன்றேகாலுக்குப் புறப்பட்ட வண்டியில் பாதி இருக்கைகள் காலி. குளிரில் அவன் கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டான். என் துண்டை எடுத்துப் போர்த்தினேன். தாம்பரம் வரை இமைகள் ஆடிக்கொண்டேயிருந்தன. பெருங்களத்தூர் அறிவிப்புக்கு அவன் விழிக்கவில்லை. பொத்தேரியில் மாணவர்கள் கூச்சலோடு இறங்கினார்கள், அதற்கும் அசையவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. மூன்று மாதமாக அடுத்த பாயில் கிடந்தவன், அவன் முகம் இப்படித் தளர்ந்து நான் பார்த்ததில்லை.

பன்னிரண்டு முப்பத்தைந்துக்குச் சிங்கப்பெருமாள்கோவில். கதவு திறந்தது. அவன் தோளுக்கு மேல் என் கை வந்து நின்றது. செங்கல்பட்டு இன்னும் பதினைந்து நிமிடம், அங்கிருந்தும் ஒரகடம் வழியாகப் பஸ் உண்டு, நேரம் இருக்கிறது என்று கணக்குப் போட்டேன். பஸ் உடனே கிடைக்காவிட்டால் என்ன என்பதை நினைப்பதற்குள் மணியடித்துக் கதவு மூடிவிட்டது.

செங்கல்பட்டில் எழுப்பினேன். ஊர்ப் பலகையைப் படித்ததும் அவன் முகம் சிவந்துவிட்டது.

"என் சோலிய முடிச்சிட்டீயளேண்ணே. உங்களுக்கென்ன, இந்த ஊரு இல்லன்னா வேற ஊரு. எனக்கு இது ஒண்ணுதான இருக்கு."

பஸ்ஸுக்கு இருபது நிமிடம் காத்திருந்தோம். ஏறிய பின் எனக்கு நாலு சீட்டு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டான். தூக்கத்தில் இறங்கிய அழுத்தம் கோபத்தில் அதைவிட அதிகம் ஏறியிருக்குமோ என்று வழியெல்லாம் அவன் பிடரியையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒன்று ஐம்பத்தைந்துக்கு ஒரகடம். திரும்பிப் பார்க்காமல் கம்பெனி கேட்டை நோக்கி ஓடினான். ஓடாதே என்று கத்தினேன். ரயிலுக்குள் இருந்ததுபோலத்தான், அவன் காதில் விழவில்லை.

எதிர்க் கடையில் இரண்டு டீ குடித்தேன். மூன்று மணி ஆகப்போகும்போது வெளியே வந்தான். துண்டை நாலாக மடித்து எடுத்து வந்திருந்தான்.

"ஓடி வந்தவன் உக்காருன்னு நர்ஸ் அரைமணி நேரம் உக்கார வச்சுட்டாவ. கண்ண மூடிருந்தேன். ரயில் ஓடுத மாதிரிதான் இருந்துச்சு, மெஷின் அடிக்கல." துண்டை என்னிடம் நீட்டினான். "நூத்தி முப்பத்தாறு. பாஸுன்னு எழுதிக்கிட்டாவ."

அவனுக்கும் ஒரு டீ சொன்னேன். அடுத்த வாரமும் அந்த ரயிலில் போகலாமா என்று கேட்டான். அடுத்த வாரம் நான் ஓசூரில் இருப்பேன் என்றேன். பஸ்ஸில் அவன் பிடரியைப் பார்த்துக்கொண்டு வந்தபோதே அது எனக்குத் தெரிந்துவிட்டிருந்தது.

அவன் தலையாட்டினான். டீ வந்தது. பாதி குடித்துவிட்டுக் கேட்டான்:

"அப்ப அந்த சன்னலோரப் பாய நான் எடுத்துக்கிடட்டுமாண்ணே?"